சமாதானம் செய்து வைத்தவன்

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம், யாருக்கு யார் மேல் மனத்தாங்கல் இருக்கிறதோ அவர்களைக் கூப்பிட்டு எதிரெதிராக உட்கார வைத்து, பேசி, ஜெபித்து, ஒருவருக்கொருவர் ‘தோத்திரம்’ சொல்ல வைப்போம். சொல்ல மறுப்பவர் அந்த ஞாயிறு அப்பத்திலும் திராட்சை ரசத்திலும் பங்கெடுக்க முடியாது. இந்தச் சமாதான வேலை பல வருடங்களாக மூப்பரான என் கையில் இருந்தது. அதில் எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

பெருமைப்பட்டுக்கொள்ளக் கணக்கற்ற சண்டைகள் இருந்தன. குழாயடிச் சண்டை, கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போன சண்டை, பாட்டுக் குழுவில் மைக் யாருக்கு என்ற சண்டை. எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்தில் முடித்து வைப்பேன். இரண்டு பக்கமும் கொஞ்சம் அழுவார்கள், நான் கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொள்வேன், பிறகு டீ வரும். வீட்டுக்கு நடக்கும்போது, ஆண்டவர் என்னை வைத்து எவ்வளவு பெரிய காரியம் செய்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். குழாயில் தண்ணீர் வந்தாலே பாதிச் சண்டை தீர்ந்திருக்கும் என்பது அப்போது உறைக்கவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைத் தாண்டி, எளாவூர் போகிற நெடுஞ்சாலையை ஒட்டித்தான் எங்கள் ஆலயம். தகரக் கூரை. செக்போஸ்ட்டுக்கு வரிசை கட்டும் லாரிகளின் சத்தத்தில் பிரசங்கம் பாதி கேட்காது. கேட்காத பாதியால் யாருக்கும் நஷ்டமில்லை என்பாள் என் மனைவி. அவள் பொதட்டூர்பேட்டைக்காரி, வாய் சும்மா இருக்காது. சபையில் பெரும்பாலோர் ஒரு தலைமுறைக்கு முன்பு பிறர் நிலத்தில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகள். இப்போது கம்பிக் கம்பெனி, டயர் கம்பெனி, பெயின்ட் கம்பெனி என்று ஷிப்ட் போகிறார்கள். பாதிப் பேருக்கு நிரந்தர வேலை இல்லை. காண்ட்ராக்டர் கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு.

நான் ஒரு கம்பெனியில் டைம் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று பார்ப்பதும், உள்ளே யாருக்காவது அடிபட்டால் அதை உடனே எழுதி மேலே அனுப்புவதும் என் வேலை. பஞ்ச் ஆகாத கார்டை வைத்துக்கொண்டு ‘நான் வந்தேன் சார், சத்தியமா வந்தேன்’ என்று எத்தனை பேர் கெஞ்சியிருக்கிறார்கள்! ஒருவரையும் நம்பியதில்லை. இதை இங்கே சொல்லிவைக்கிறேன். நான் செய்ததை ஒன்றும் தெரியாத அப்பாவி செய்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எங்கள் சபைக்கு ஒரு காண்ட்ராக்டர் வந்து சேர்ந்தார். சிப்காட்டில் கம்பி உருட்டும் ஆலை ஒன்றுக்கு ஆள் அனுப்புகிறவர். மனிதர் ஜெபிக்க ஆரம்பித்தால் தகரக் கூரையே ஈரமாகும். குரல் மெல்லத் தொடங்கி, உயர்ந்து, ஓர் இடத்தில் உடையும். அந்த இடத்தில் பெண்கள் பக்கம் விசும்பல் கேட்கும். ஆலயத்துக்கு மின்விசிறி மாட்டிக் கொடுத்தார். எங்கள் சபையிலேயே ஏழெட்டுப் பேருக்கு அவர்தான் வேலை கொடுத்தார். நான் அவரைப் பார்த்து, இப்படி ஜெபிக்க நமக்கு வரவில்லையே என்று ஏங்கியிருக்கிறேன்.

“ஜெபத்துக்கு இம்மாம் ஜோடனை இன்னாத்துக்கு? சாமிக்குக் காது கேக்காதா?” என்றாள் என் மனைவி ஒருநாள்.

“உனக்கு எல்லாத்துலயும் ஒரு குத்தம்” என்று அவள் வாயை அடைத்தேன்.

நன்றாக ஜெபிப்பவன் நல்லவன் என்று நாங்கள் நினைத்தோம். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் கிறிஸ்தவர்களாகிய எங்களிடம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கறிக்கடையில் எலும்பு எவ்வளவு என்று புரட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள், மனிதனை மட்டும் அவன் கண்ணை மூடிப் பேசுவதைக் கேட்டே வாங்கிவிடுகிறோம்.

அந்தக் காண்ட்ராக்டரிடம் வேலை செய்தவர்களில் ஒருவன் எங்கள் சபைத் தம்பி. முப்பது வயதிருக்கும், ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். ஒரு காலை ஷிப்டில், ஓடும் உருளைக்குள் அவன் வலது கை சிக்கிக்கொண்டது. பக்கத்தில் நின்ற ஒடிசாக்காரத் தொழிலாளி ஓடிப்போய் மெஷினை நிறுத்தியதால் கையாவது மிஞ்சியது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் தவிர மற்றவை போய்விட்டன. அவனுக்கு ஈ.எஸ்.ஐ. காப்பீட்டு கார்டு இல்லை. காண்ட்ராக்டர் எடுக்கவே இல்லை. அவசரமாகத் தன் காரிலேயே ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். கொண்டுபோனவரே, பைக்கிலிருந்து விழுந்துவிட்டான் என்று அங்கே சொல்லி எழுத வைத்தார்.

ஒரு வாரம் கழித்து அந்தத் தம்பியின் மனைவி என் வீட்டுக்கு வந்தாள். ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்கிறவள், பத்தாவது படித்தவள். கையில் ஒரு மனு.

“அண்ணா, கம்பெனிலதான் அடிபட்டுச்சு. ஆஸ்பத்திரில பைக்லருந்து உயுந்துட்டாருன்னு எழுதிக்கீறாங்க. எங்க ஊட்டுக்காரரு மயக்கத்துல இருந்தாரு, அவருக்கு இன்னா தெரியும்? நீங்க டைம் ஆபீஸ்ல இருந்தவரு. இது கரெக்டா கீதான்னு பாத்துச் சொல்லுங்க. திங்கக்கெழம திருவள்ளூர் லேபர் ஆபீஸ்ல போய்க் குடுத்துடலாம்னு கீறேன்.”

மனுவைப் படித்தேன். தேதி, ஷிப்ட், எந்த மெஷின், யார் பார்த்தார்கள், எல்லாம் இருந்தது. என் இருபது வருட வேலையில் சூப்பர்வைசர்கள் எழுதிக் கொடுத்த அறிக்கைகளைவிட அது நன்றாக இருந்தது. அந்தப் பெண் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: தன் புருஷனின் கை எங்கே போனது என்பது அரசாங்கத் தாளில் உண்மையாக இருக்க வேண்டும். அது இருந்தால் அவனுக்கு ஆயுளுக்கும் ஏதோ ஓர் ஆதரவு கிடைக்கும். இல்லாவிட்டால் அவன் பைக் ஓட்டத் தெரியாத ஒருவன். அவ்வளவுதான்.

‘இன்றைக்கே போ’ என்று சொல்லியிருக்க வேண்டும். இப்படிப்பட்ட விஷயத்தில் ஒவ்வொரு நாளும் போகப் போகச் சாட்சி கரையும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

“கொஞ்சம் பொறும்மா. அவரும் நம்ம சபைதானே. விசுவாசி மேல விசுவாசி கேஸ் போடறது நல்லா இல்ல. நான் பேசிப் பாக்கறேன்.”

அவள் முகம் வாடியது. “சரிண்ணா” என்று மனுவை மடித்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை காண்ட்ராக்டர் என் வீட்டுக்கு வந்தார். நான் கூப்பிடக்கூட இல்லை; மனு விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. நாற்காலியில் உட்காராமல் தரையில் முழங்கால் போட்டார். “பிரதர், மொதல்ல ஜெபிச்சிடலாம்” என்று கண்ணை மூடிக்கொண்டார். ஆண்டவரே, இந்த நாளுக்காகத்தானே உமது தாசனை இந்த ஊரில் வைத்தீர், சமாதானம் பண்ணுகிற இப்படி ஒரு மனிதரை எந்தச் சபையில் காண முடியும் என்று ஆரம்பித்தார். கடவுளிடம் சொல்வதுபோல் என்னைப் புகழ்ந்தார். நேரில் புகழ்ந்திருந்தால், ‘அட, விடுங்க’ என்றிருப்பேன். ஜெபத்தில் குறுக்கே பேச முடியாது, ‘ஆமென்’தான் சொல்ல முடியும். நானும் சொன்னேன். பலமாகவே சொன்னேன்.

ஜெபம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். “கேஸுன்னு போனா எனுக்குக் கான்ட்ராக்ட் போய்டும் பிரதர். என்னை நம்பி அம்பது குடும்பம் கீது, அத்தினியும் நடுத்தெருவுல நிக்கும். சபைப் பேரும் நாறிப்பூடும். நம்ம தம்பிக்கு கேட்ல வாட்ச்மேன் வேல நானே வாங்கித் தரேன். ஒக்காந்துக்கினு பாக்கற வேலை. பர்மனன்ட்டு.”

“அதை எழுதிக் குடுத்துடறீங்களா?” என்று கேட்டேன். டைம் ஆபீஸ் புத்தி இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

“நமக்குள்ள எழுத்து இன்னாத்துக்கு பிரதர்? விசுவாசம் இல்லாதவன்தான் எழுத்து கேப்பான்.”

வெட்கமாகப் போய்விட்டது எனக்கு. நான் ஏதோ அசிங்கமாகக் கேட்டுவிட்டவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். அவர் காரைக் கிளப்பிக்கொண்டு போனதும் என் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள்.

“ஏங்க, கை போனது அந்தப் பொண்ணு புருஷனுக்கு. இவரு அவங்க ஊட்ல போய் அழாம நம்ம ஊட்ல வந்து இன்னாத்துக்கு அழுதுட்டுப் போறாரு?”

பதில் இல்லாதபோது ஆண்கள் செய்வதை நானும் செய்தேன். அவளைத் திட்டினேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு ஆலயத்தில் கூடினோம். போதகர், நான், இன்னொரு மூப்பர், காண்ட்ராக்டர். எதிர்ப்பக்கம் அந்தப் பெண்ணும் அவள் புருஷனும். அவன் கட்டுப்போட்ட கையைத் துண்டால் மூடி மடியில் வைத்திருந்தான். கூட்டம் முடியும்வரை அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை.

நான் முதலில் மன்னிப்பைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். காண்ட்ராக்டர் ஜெபித்தார். ஏதாவது குறை நடந்திருந்தால் ஆண்டவர் அதை மூடிப்போடும்படி கேட்டார். ‘நடந்திருந்தால்’ என்றுதான் சொன்னார். எனக்கு அது காதில் விழுந்தது, மனதில் தைக்கவில்லை.

அந்தப் பெண் நிதானமாகப் பேசினாள். “அவரு மேல கோவம்லாம் ஆறிப்போச்சுண்ணா. இவரு உசுரோட வந்தாரே, அதுவே போதும். ஆனா கோவம் வேற, மனு குடுக்கறது வேற இல்லியா? நடந்தத நடந்ததுன்னு எழுதத்தான கேக்கறேன்.”

எவ்வளவு தெளிவான பேச்சு! அந்த அறையில் இருந்த ஐந்து ஆண்களிடமும் இல்லாத புத்தி அவளிடம் இருந்தது. அதை நான் மூப்பர் என்ற ஹோதாவில் மிதித்தேன்.

“மனசுல வழக்கு இருந்தா, மன்னிப்பு இல்லன்னுதான்மா அர்த்தம்” என்றேன்.

அந்த வாக்கியம் எனக்கே பிடித்துப்போயிற்று. போதகரும் தலையாட்டினார். அவள் அப்போதும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் நான் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். “நீ ஒப்புரவாகலன்னா ஞாயித்துக்கெழம பந்தியில சேர முடியாதும்மா. உன் புருஷன் புண்ணு இன்னும் ஆறல. இந்த நேரத்துல திருவிருந்த விட்டுட்டு நிக்கப்போறியா? யோசிச்சுக்கோ.”

அவள் திடுக்கிட்டுத் தன் புருஷனின் கையைப் பார்த்தாள். பந்தியில் சேராவிட்டால் புண் சீழ் பிடிக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு அப்படித்தான் கேட்கும் என்று தெரிந்தே சொன்னேன். அவள் குழந்தையிலிருந்து இந்தச் சபையில் வளர்ந்தவள். எந்தச் சொல்லுக்கு அவள் பயப்படுவாள் என்று எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

பையைத் திறந்து மனுவை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் அதை நாலாகக் கிழித்தேன். யாரோ ‘அல்லேலூயா’ என்றார்கள். அவள் எழுந்து காண்ட்ராக்டரைப் பார்த்துக் கையைக் குவித்து ‘தோத்திரம்’ என்றாள். அவரும் ‘தோத்திரம் சிஸ்டர்’ என்றார். டீ வந்தது.

டீ குடிக்கும்போது காண்ட்ராக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “பிரதர், சபை லெட்டர்பேட்ல ரெண்டு வரி. எங்களுக்குள்ள பேசி முடிஞ்சிபோச்சு, எந்த மனத்தாங்கலும் கெடையாதுன்னு. சும்மா ஒரு சாட்சிக்கு. எழுதிக் குடுத்துடுங்க.”

என் கையெழுத்து அழகாக இருக்கும். உட்கார்ந்து முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கினேன். அந்தத் தம்பி இடது கையால் கோணல்மாணலாகப் போட்டான். மூன்றாவதாக நானும் போட்டேன். வாட்ச்மேன் வேலைக்கு எழுத்துக் கேட்டால் அவிசுவாசம். அவருக்கு எழுத்து வேண்டுமென்றால் அது சமாதானத்தின் சாட்சி. இந்தக் கோளாறு பஞ்ச் கார்டில் இருந்திருந்தால் அரை நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன்.

அந்த ஞாயிறு திருவிருந்துக்கு முன்னால் போதகர் இதை உதாரணமாகச் சொன்னார். என் பெயரையும் சொன்னார். நான் தலையைத் தாழ்த்திக்கொண்டேன், எல்லோரும் பார்க்கிற அளவுக்கு.

பிறகு நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. வாட்ச்மேன் வேலை ‘அடுத்த மாசம்’ என்றார். அடுத்த மாதமும் ‘அடுத்த மாசம்’ என்றார். நானே கம்பெனி வாசலுக்குப் போய் விசாரித்தேன். அப்படி ஒரு வேலை இருப்பதாக அங்கே யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது மாதம் அவர் சபைக்கு வருவதை நிறுத்தினார். போன் செய்தால் ரிங் போகும், எடுக்க மாட்டார். அத்திப்பட்டுப் பக்கம் ஏதோ வேலை பிடித்திருக்கிறார், அங்கே ஒரு சபைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். அங்கேயும் குரல் உடைகிற இடத்தில் பெண்கள் அழுவார்களாக இருக்கும்.

ஒருநாள் அந்தப் பெண் மறுபடியும் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

“அண்ணா, வேற மனு எழுதிக்கினு வந்துகீறேன். இப்பவாச்சும் கூட வர்றீங்களா?”

போனேன். பஸ் மாறிப் பஸ் ஏறி, அவளும் அவள் புருஷனும் நானும் திருவள்ளூர் போய்ச் சேர மதியமாகிவிட்டது. தொழிலாளர் அலுவலகத்தில் ஒரு பெண் அதிகாரி. பொறுமையாகப் படித்தார். மெஷினை நிறுத்திய அந்த ஒடிசாக்காரரைக் கூட்டி வர முடியுமா என்று கேட்டார். அவன் ஊருக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது, போன் நம்பரும் மாறிவிட்டது. மருத்துவமனைத் தாளில் பைக் விபத்து என்று இருப்பதைக் காட்டினார். பிறகு காண்ட்ராக்டருக்குப் போன் செய்தார். என் போனை எடுக்காதவர் அவர் போனை உடனே எடுத்தார். பத்து நிமிடத்தில் அந்த அதிகாரியின் செல்போனில் ஒரு படம் வந்து விழுந்தது. அவர் அதைப் பெரிதாக்கிப் படித்துவிட்டு என் பக்கம் திருப்பினார்.

“இது யார் எழுதினது?”

முத்து முத்தான எழுத்து. அடியில் மூன்று கையெழுத்து.

“நான்தான் மேடம்” என்றேன்.

“சார் எங்க வேலை பாத்தீங்க?”

“டைம் ஆபீஸ்ல.”

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. அந்தப் பெண்ணிடம் திரும்பி, “மனுவை எடுத்துக்கறேன்மா, விசாரிக்கறேன். ஆனா உங்க பக்கம் கையில ஒண்ணுமே இல்ல. எல்லாம் அவர் பக்கம் இருக்கு. இவ்ளோ நாள் ஏம்மா வரல?” என்றார்.

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. “தெரியல மேடம்” என்றாள்.

வெளியே வந்தோம். அந்தத் தம்பி டீக்கடைக்குப் போய் இடது கையில் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாங்கள் இருவரும் பஸ் நிறுத்தத்தில் நின்றோம். வெயில். இவளுக்கு நான் செய்ததை வேறு ஒருவன் செய்திருந்தால் அவனைச் சும்மா விட்டிருப்பேனா? முட்டாள்தனத்தைப் பக்தி என்று பேர் சொல்லி விற்றேன். வாங்கமாட்டேன் என்று சொன்னவளைப் பயமுறுத்தி வாங்க வைத்தேன். அவள் பொறுமையை எடுத்து நான் நல்ல பேர் வாங்கிக்கொண்டேன். இத்தனையும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வந்தது இரண்டு வார்த்தைதான்.

“என்னை மன்னிச்சிடும்மா.”

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நீங்க கேட்டீங்கண்ணா. இன்னிக்கி இல்லாட்டியும் என்னிக்காவது மன்னிக்க ஆவும்” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். கோபமில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற முகம்.

“அந்தக் காண்ட்ராக்டரு ஒரு வாட்டியும் எங்கிட்ட மன்னிப்பு கேக்கவேயில்லியேண்ணா. அப்புறம் எப்டி எங்கிட்டருந்து வாங்கி அவருக்குக் குடுத்தீங்க?”